அக்னி மூலையில் ஒரு டீ அடுப்பு

ஹபீபுல்லா சார் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் என் அண்ணன். காலையில் ஆய்வுக்கூடத்தில் புகைச் சோதனையில் தூசி படிந்த வடிதாள்களை எடை போட்டுக்கொண்டிருந்தபோது அழைத்தார்.

"பாப்பா, பாய் தவறிட்டாராமே?"

ஐம்பதை நெருங்கும் இந்த வயதிலும் அண்ணனுக்கு நான் பாப்பாதான். எந்தப் பாய் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாய்தான் இருந்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி வந்ததாகவும், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாகவும் அண்ணன் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். துக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

"ஏம் பாப்பா, நம்ம மில்லு பிளான்ல கையெழுத்துப் போட்டுட்டாரா, இல்லையா?"

போடவில்லை. அதுதான் இந்தக் கட்டுரையின் கதையும்கூட. இதையெல்லாம் எழுதலாமா என்று பிறகு அண்ணனிடமே கேட்டேன். "எழுதிக்க. ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றார்.

சாரை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். உமி, விறகு, கடலைத்தோல், தேங்காய் மட்டை போன்றவற்றை எரித்து நீராவி உண்டாக்கும் கொதிகலன்கள் மதுரையைச் சுற்றியுள்ள ஆலைகள் பலவற்றில் உண்டு. புழுங்கலரிசி ஆலையில் நெல் அவிப்பது அந்த நீராவியில்தான். இவற்றை நிறுவும் முன் காற்று மாசு விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். எரிக்கும் அளவுக்கு ஏற்ப புகைபோக்கிக்கு உயரம் வேண்டும். புகையிலிருந்து தூசியைப் பிரிக்கும் சாதனம் வேண்டும். புகையை எடுத்துச் சோதிக்கப் புகைபோக்கியில் ஒரு துளையும், அங்கே ஏறி நிற்க ஏணியும் மேடையும் வேண்டும். இதற்கான வரைபடங்களைத் தயாரித்துக் கையெழுத்திட்டுக் கொடுப்பதும், கொதிகலன் ஓடத் தொடங்கியபின் புகையைச் சோதித்துச் சொல்வதும் எங்கள் தொழில். அவர் பொறியாளர். நான் வேதியியல் படித்தவள். கையெழுத்தை இருவரில் யாரும் போடலாம், ஆனால் அவர் மறுத்ததில் நான் போட்டதில்லை. பழைய நகரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே நாள் முழுவதும் குடங்களுக்குப் பெயர் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசிப் பழகியதால், அமைதியான இடங்களிலும் சார் சண்டை போடுகிறவரைப் போலவே பேசுவார். பெரும்பாலும் சண்டைதான் போட்டுக்கொண்டிருப்பார்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே என் பெயரைக் கேட்டு மறந்துவிட்டு, "கெமிஸ்ட்ரி" என்று கூப்பிட்டார். கடைசி வரை அதுதான்.

விதியில் "நிறுவும் முன்" என்று தெளிவாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த "முன்" என்ற சொல்லை யாரும் பொருட்படுத்துவதில்லை. கொதிகலன் லாரியில் வந்து இறங்கும். சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடும் போட்டு முடிப்பார்கள். அதற்குப் பிறகு யாராவது புகார் கொடுத்தால், அனுமதி வாங்க வேண்டும் என்று எங்களைத் தேடி மாடியேறுவார்கள். "பிள்ளை பெத்த பொறகு பொண்ணு பாக்கக் கூப்பிடுறாங்க, கெமிஸ்ட்ரி" என்று சார் தலையில் கை வைத்துக்கொள்வார்.

எல்லோரிடமும் ஒரே வாதம் இருக்கும். நிலக்கரியா எரிக்கிறோம், உமிதானே, இயற்கைதானே, வீட்டில் எரிக்காத விறகா என்பார்கள். "உங்க வீட்டு அடுப்பு ஒரு சுள்ளியத் தின்னும். இது லாரியத் தின்னும்" என்று சார் பதில் சொல்வார். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆலை உரிமையாளர் ஒருவர் புகை சோதனை நாளன்று மட்டும் நன்றாகக் காய்ந்த கருவேல விறகை அடுக்கி வைத்திருந்தார். சார் விறகைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நேத்து என்ன எரிச்சீங்களோ அத எரிங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்."

"நேத்தும் இதான் பாய்."

"அப்ப அந்த ஓரத்துல நனைஞ்சு கெடக்குற உமி யாருக்கு, மாட்டுக்கா?"

மாலை வரை உட்கார்ந்திருந்தார். நானும் மேடையில் கருவியோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தேன். இப்படி அவரால் நான் இழந்த பகல்கள் பல.

ஆனால் அவரை உண்மையில் பைத்தியமாக்கியது அக்னி மூலை. வாஸ்துப்படி நெருப்பு தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டும். வீட்டில் அடுப்பு அங்கே இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆலையிலும் அதே மூலையில் கொதிகலனை நிறுத்துவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கமே இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் மதுரைச் சமவெளியில் மேற்கிலிருந்து காற்று சுழற்றிச் சுழற்றி அடிக்கும். தென்கிழக்கு மூலையில் எழும் புகையும் சாம்பலும் நேராகச் சுவரைத் தாண்டி அடுத்தவர் வீட்டில் இறங்கும். ஆலைக்காரரின் சட்டையில் ஒரு துகள்கூட விழாது.

எந்த ஊருக்குப் போனாலும் சார் முதலில் ஆலைக்குள் நுழையமாட்டார். சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு சுற்று நடப்பார். கிழக்குப் பக்கத்து வீடுகளில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார், துணி எங்கே காயப்போடுகிறார்கள் என்று கேட்பார். பிறகு உள்ளே வந்து தென்கிழக்கு மூலையில் நின்று, சட்டைப்பையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தி, புகை சாயும் திசையைப் பார்ப்பார். முதன்முறை நான் அதைப் பார்த்தது மேலூருக்கு அருகில் சாகுல் அவர்களின் எண்ணெய் ஆலையில். சார் பத்தியைக் கொளுத்தியதும் அங்கிருந்த வேலையாட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். சாகுல் பாயும் செருப்பைக் கழற்றினார்.

"நீங்க எதுக்குய்யா கழட்டுறீங்க?" என்றார் சார்.

"எல்லாரும் கழட்டுறாங்களே."

"சரி, நீங்க எதுக்கு இந்த மூலையில பாய்லர வச்சீங்க?"

"மேஸ்திரி இங்கதான் வைக்கணும்னுட்டாரு. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். எல்லாருக்கும் ஆகிவர்றது நமக்கும் ஆகட்டுமே பாய்."

சார் பத்தியை மண்ணில் குத்தி அணைத்தார். பிறகு, இந்த மூலைக்கு நெருப்புதானே வேண்டும், ஆட்களுக்கு டீ போட ஓர் அடுப்பை இங்கே வையுங்கள், கொதிகலனை வடமேற்குக்குக் கொண்டுபோங்கள் என்றார். சாகுல் பாய் ஒரு வருடம் இழுத்தடித்தார். கடைசியில் மாற்றினார். அன்று தொடங்கியது இந்த டீ அடுப்பு விவகாரம். இன்று மதுரை மாவட்டத்து ஆலைகள் சிலவற்றின் தென்கிழக்கு மூலையில், தகரக் கூரையின் கீழ் ஒரு டீ அடுப்பு தனியாக எரிந்துகொண்டிருப்பதை நீங்கள் பார்க்கலாம். காரணம் தெரியாதவர்கள் அதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இருந்ததில்லை. மூட நம்பிக்கைக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுக்கிறோம் என்று அவரிடம் பலமுறை வாதாடியிருக்கிறேன். விதியைச் சொல்வோம், ஏற்றால் செய்வோம், ஏற்காவிட்டால் விலகுவோம் என்பது என் கட்சி.

"நான் மூலைக்கு மரியாதை பண்ணல கெமிஸ்ட்ரி. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்குப் பண்றேன். அதுக்கு ஒரு அடுப்பு செலவாகுதுன்னா ஆகட்டும்."

இந்த வாக்குவாதம் எங்களுக்குள் முடியவே இல்லை. அதற்குள் என் அண்ணன் வந்து சேர்ந்தார்.

அண்ணன் வாடிப்பட்டிப் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறார். பழைய சிறிய கொதிகலனை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்க முன்பணம் கொடுத்துவிட்டார். வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து, தென்கிழக்கு மூலையில் கான்கிரீட் அடித்தளமும் போட்டுவிட்டார். அதன் பிறகு எங்களிடம் வந்தார். வேதியியல் படித்த தங்கை இருந்தும் அப்படித்தான்.

சார் வழக்கம்போல் வெளியே சுற்றி வந்தார். நானும் உடன் நடந்தேன். கிழக்குச் சுவரை ஒட்டி, அந்தக் கான்கிரீட்டுக்கு நேரே, ஓர் அங்கன்வாடி. வாசலில் குழந்தைகளின் செருப்புகள் சிதறிக் கிடந்தன. ஒரே அறை. மேற்குப் பக்கம் ஒரே ஜன்னல். அதுவும் சாத்தியிருந்தது.

"இம்புட்டு வெக்கையில ஏன்மா சாத்தி வச்சிருக்கீங்க?" என்று அங்கன்வாடிப் பணியாளர் செல்வியிடம் சார் கேட்டார்.

"மில்லு ஓடுனா சாத்திருவோம் சார். பிள்ளைக சோத்துல கரி விழுகுது. ரெண்டு பிள்ளைகளுக்கு இளைப்பு வேற இருக்கு." செல்வி என்னைப் பார்த்துச் சற்றுத் தயங்கினார். யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியும். "பெருசு வரப்போகுதாமே சார்? அதுவும் இந்த மூலைக்கே. அப்ப ஜன்னலத் தெறக்கவே முடியாதுல்ல? இருக்கிறது ஒரு ஜன்னல்."

சார் நேரே ஆலைக்கு நடந்தார். உள்ளே வந்து மூலையில் பத்தியைக் கொளுத்தினார். புகை சாய்ந்து, சுவரைத் தொட்டுத் தாண்டிப் போனது. அண்ணன் செருப்பைக் கழற்றியிருந்தார்.

"அண்ணே, பாத்தீங்களா?" என்றார் சார்.

"பாத்தேன் பாய். சிம்னிய எம்புட்டு ஒசரம் சொல்றீங்களோ அம்புட்டு ஒசரம் வைக்கிறேன். டஸ்ட் கலெக்டர் போடுறேன். எடத்த மட்டும் மாத்தச் சொல்லாதீங்க."

"ஒசரம் வச்சா பொகை செத்துப்போகாது. தள்ளிப் போகும். டஸ்ட் கலெக்டர் நல்லா வேலை செய்யும், நீங்க அதக் கழுவி, தட்டி, சரி பண்ணுற வரைக்கும். அடைச்சுக்கிட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆள் போட்டுப் பாத்துக்கிறேன்."

"வடமேக்குல வைங்க. மேக்கயிருந்து காத்து வந்தா எல்லாம் உங்க களத்து மேலதான் போகும். அதத் தாண்டி வாய்க்கா, வயக்காடு. வீடே கெடையாது."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா பாய் பேசுறீங்க? சாம்பல் என் களத்துலயா விழணும்? என் நெல்லு மேலயா?"

"ஆமா. உங்க சாம்பல் உங்க நெல்லு மேல விழட்டும். விழுந்த அன்னைக்கே மெக்கானிக்கக் கூப்பிடுவீங்க. பால்வாடியில விழுந்தா அடுத்த ஆடிக்குத்தான் கூப்பிடுவீங்க."

கூட வேலை பார்த்த அத்தனை ஆண்டுகளிலும் அவர் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டதில்லை. வடமேற்கு, டீ அடுப்பு எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த கணக்கு இதுதான் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. எரிக்கிறவரையே காற்றுக்குக் கீழே நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு அவரைக் கண்காணிக்க வேறு யாரும் தேவையில்லை.

அதே நேரம், அண்ணன் பக்கம் விதிப்படி தவறில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் சொன்னேன். உயரம் சரியாக இருந்து, சாதனமும் பொருத்தினால், இந்த மூலை கூடாது என்று மறுக்க நமக்குப் பிடிமானம் இல்லை.

"விதி வருசத்துக்கு ஒருக்கா வரும் கெமிஸ்ட்ரி. காத்து தெனமும் வருதே. நான் போடமாட்டேன். வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க."

அண்ணன் வேறு ஆளிடமும் போகமாட்டார். "தங்கச்சிய வச்சுக்கிட்டு வெளியாள்கிட்டப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார். இப்படி இருவரும் இரண்டு பக்கம் உட்கார்ந்துகொண்டு, நடுவில் என்னைப் போட்டு மிதித்தார்கள். அண்ணன் பேசினால், அந்தாள் என் நெல்லில் சாம்பல் விழவேண்டும் என்று சாபம் விடுகிறார் என்பார். அண்ணி பேசினால் நலம் விசாரித்துவிட்டு, "அந்தக் கையெழுத்து…" என்று இழுப்பார். சாரிடம் போனால் அவர் வேறு எதையோ பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்.

கடைசியாக நாங்கள் பேசியது அவர் இறப்பதற்கு முந்திய மாலை. பையைத் தோளில் மாட்டியபடி படியருகே நின்றார்.

"உங்க அண்ணன் டீ குடிப்பாரா?"

"குடிச்சுக்கிட்டே இருப்பாரு."

"அப்பப் பாதி வேலை முடிஞ்சுது. செவ்வாக்கெழமை போவோம். பத்தி வாங்கி வைங்க, தீந்துபோச்சு."

செவ்வாய்க்கிழமை வருவதற்குள் போய்விட்டார். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர் அல்லர். இந்த ஒரு வேலையை, அதுவும் என் அண்ணனிடம், என்னைத் தனியாக விட்டுப் போயிருக்க வேண்டாம்.

சார் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவருடைய மனைவி நூர்ஜஹான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுகைக்கு நடுவே குறைப்பட்டுக்கொண்டார். "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னு ஒரு வாரமாச் சொன்னாங்கம்மா. டாக்டர்கிட்டப் போங்கன்னா, வாடிப்பட்டி வேலை முடியட்டும்னாங்க. ஊரான் நெஞ்சுல தூசி போகுதுன்னு ஓடுன மனுசன், தன் நெஞ்சப் பாக்கலியே." வாடிப்பட்டி வேலை யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ, தெரியாது. என் கையை அவர் விடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சந்து முழுக்க ஆலைக்காரர்கள். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்குவதற்காகக் காத்து நின்றார்கள். அண்ணனும் வந்திருந்தார், தலையில் துண்டோடு. அவர் அருகில் சாகுல் பாய்.

"நீங்கதான் மேடத்தோட அண்ணனா? உங்களையும் மூலையில நிறுத்திட்டாரா மனுசன்?"

"கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாரு பாய். அப்படியே போய்ச் சேந்துட்டாரு."

"எனக்கும் ஒரு வருசம் போடல. நான் வையாத வசவு இல்ல. கடைசில மாத்தித் தொலைச்சேன். இப்ப சாம்பல் விழுந்தா என் தலையிலதான் விழுகுது. அன்னைக்கே ஆளக் கூப்பிட்டுர்றேன். முன்னாடி பக்கத்து வீட்டுக்காரன் வாசல்ல வந்து கத்துவான், நான் கதவத் தெறக்கமாட்டேன்."

"வாஸ்து?"

"அதான் டீ அடுப்பு இருக்குல்ல. வாஸ்துக்காரரு வாரத்துல ரெண்டு நா அங்கதான் வந்து டீ குடிக்கிறாரு. கேட்டா, பரவால்ல, அக்னி இருக்குங்கிறாரு."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு, இடம் நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டார்கள். இன்னொருவர், "எங்கள்ட்டயும் அப்படித்தான்" என்றார். அதற்குள் ஜனாஸாவைத் தூக்கச் சொல்லி உள்ளே குரல் கேட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் முன்னால் நகர்ந்து, வரிசையில் தோள் கொடுத்துச் சந்தின் முனை வரை போனதைப் பார்த்தேன்.

அண்ணனோடு காரில் திரும்பினேன். சமயநல்லூர் தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"செத்தும் என்னைய விடமாட்டேங்குறாரு பாப்பா."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கான்கிரீட்ட ஒடைக்கலாமா? ஒடைச்சா ஆளு சிரிப்பானுக."

"மொதல்ல ஒடைங்க. சிரிக்கிறத அப்புறம் பாக்கலாம்."

உடைத்தாயிற்று என்று அண்ணன் பிறகு சொன்னார்; அவர் சொல்வதை உடனே நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை நானே போய்ப் பார்த்தேன். வடமேற்கில் புதிய அடித்தளத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். தென்கிழக்கு மூலையில் கான்கிரீட்டைப் பெரும்பாலும் உடைத்து, ஓரத்தில் ஒரு கட்டியை மட்டும் விட்டிருந்தார்கள். அதன் மேல் ஒரு டீ அடுப்பு. பால் பொங்கிக்கொண்டிருந்தது.

சாரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய நேர்மையைப் புகழ்வார்கள். புகழட்டும். எனக்குப் புகழ்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகமாக இருக்கிறது. குழந்தைகளின் ஒரே ஜன்னல் திறந்திருக்க ஒரு மனிதரின் பிடிவாதம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது, தேங்காய் உடைப்பதைப் போல எல்லோருக்கும் வழக்கமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதனால் அவர் தெருத்தெருவாக ஊதுபத்தியோடு அலைந்தார், மருத்துவரைப் பார்க்க நேரமில்லாமல் போனார். டீ அடுப்பில் எனக்கு இன்றும் முழு உடன்பாடு இல்லை. அதைச் சொல்லிச் சண்டை போட ஆள்தான் இல்லை.

அன்று பத்தியை நான் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அந்த மூலையில் நின்று கொளுத்தினேன். மேற்குக் காற்றில் புகை சாய்ந்து, சுவரைத் தாண்டி, அங்கன்வாடிப் பக்கம் போனது. அந்தப் பக்கம் இனிப் போகப்போகும் புகை இவ்வளவுதான், இதோடு கொஞ்சம் டீ வாசனையும். பழைய கொதிகலனை நிறுத்தியிருந்ததால் அங்கே ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே குழந்தைகள் எதற்காகவோ ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். இந்த முறை எதற்காகக் கழற்றினார் என்று நான் கேட்கவில்லை.

சார், வடமேற்கு மூலை வரைபடத்தில் நீங்கள் போட வேண்டிய கையெழுத்தை நான் போட்டுவிட்டேன். சாம்பல் அண்ணன் களத்தில்தான் விழும். டீயில் சர்க்கரை அதிகம், மற்றபடி குறையில்லை. போய் வாருங்கள்.